காய்க்காத மரமும் பிணை நின்றவரும்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்னும் பழமொழியை அறியாத தமிழாசிரியர் இந்நாட்டில் இருத்தல் அரிது. முதலாம் ஆண்டில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோரே அதனை நமக்கு நினைவூட்டிச் செல்வர். கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் எங்கு வேண்டுமானாலும் அடியுங்கள் என்று அதற்கு விரிவுரையும் கூறுவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இதனைக் கேட்டு வந்த நான், பழமொழியின் பின்பாதியைப் பற்றிப் பலரோடு வாதிட்டிருக்கிறேன். முன்பாதியைப் பற்றி ஒருநாளும் எண்ணியதில்லை. அது பிள்ளைக்கு உவமையாக வந்து நிற்கும் மரம், அவ்வளவே என்று விட்டுவிட்டேன்.

பள்ளித் தோட்டத்து முருங்கை ஒன்று இரண்டு ஆண்டுகளாகக் காய்க்காமல் நின்றதால், இந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டியதாயிற்று. அதை என்ன செய்யலாம் என்று கேட்டபோது, ஆணி அடி என்றார் ஒருவர். பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடு என்றார் மற்றொருவர். அமாவாசையன்று விளக்குமாற்றால் அடி என்றார் மூன்றாமவர். மூவரும் படித்தவர்கள், ஒருவர் அறிவியல் பாடம் நடத்துகிறவர். அவர்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. என் பாட்டியும் அதைத்தான் செய்தார்.

கோல லங்காட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்து வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை நின்றது. பூக்கும், பிஞ்சு நில்லாமல் உதிரும். அப்பொழுது எனக்கு எட்டு வயது இருக்கலாம். பால் வெட்டிவிட்டு வந்து குளித்து முடித்த பாட்டி, ஒரு மாலைப்பொழுதில் தேய்ந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அடிமரத்தில் ஏழெட்டு அடி வைத்தார். "காய்க்கிறியா, இல்ல வெட்டிப் போட்டுடவா?" என்று உரக்கக் கேட்டார். மனிதரோடு சண்டை போடுவது போன்ற அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மாலையில் வேறொன்றும் நடந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். நானே அதனை நாற்பது ஆண்டுகள் மறந்திருந்தேன்.

பாட்டியின் செயல் நம்மவர்க்கே உரிய மூடவழக்கு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது, எங்கள் தோட்டத்திற்கு மிக அருகிலேயே, எங்கள் முன்னோர் இந்நாட்டில் நிரை பிடித்து மரம் வெட்டத் தொடங்குமுன் நடந்த ஒரு நிகழ்ச்சி. சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்ட்டர் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், மலாய் மக்களின் நம்பிக்கைகளைத் திரட்டி 1900-ஆம் ஆண்டில் மலாய் மாந்திரிகம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அதில் ஜுக்ராவைப் பற்றிய ஒரு குறிப்பு உள்ளது. ஜுக்ரா, சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்த அரச நகரம். இன்றும் அக்குன்றைப் பந்திங் வழியே செல்வோர் காணலாம். அதனருகே ஒரு சிறு டுரியான் தோப்பு இருந்ததாம். குறித்ததொரு நாளில் ஊரார் அங்கே கூடுவர். மந்திரம் அறிந்த ஒருவர் கைக்கோடரியை எடுத்து, தோப்பிலேயே மிகவும் மலடான மரத்தின் அடியில் சில வெட்டுகள் போடுவார். இனியாவது காய்க்கிறாயா, இல்லையேல் உன்னை வீழ்த்திவிடவா என்று கேட்பார். உடனே மரம் விடை சொல்லும்! காய்க்கிறேன், என்னை வெட்ட வேண்டா என்று அது கெஞ்சும். அக்குரல் வருவது பக்கத்து மங்குஸ்தீன் மரத்தின் மேலிருந்து. டுரியான் மரம் ஏறுதற்கு அரிது; ஆகவே அதற்காகப் பேச வேண்டியவர் மங்குஸ்தீன் மரத்தில் ஏறி அமர்ந்திருப்பார்.

இக்குறிப்பைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, அந்த மங்குஸ்தீன் மரத்து மனிதரை என் மனம் விடவில்லை. மரத்தை மிரட்டுவதற்குக் கோடரி ஏந்திய ஒருவர் போதுமே. மரத்தின் சார்பில் பேசுதற்கு இன்னொருவரை மரமேற்றி வைக்க வேண்டிய தேவை என்ன?

ஸ்கீட்டின் குறிப்பை எடுத்தாண்டவர்களுள் ஜேம்ஸ் பிரேசர் என்னும் அறிஞர் தலையாயவர். பொற்கிளை என்னும் பொருள்படும் தலைப்புடைய அவரது நூல் 1890-இல் முதலில் வெளிவந்து, பின்னர்ப் பன்னிரண்டு தொகுதிகளாக விரிந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து இத்தகைய வழக்கங்களை அவர் திரட்டி ஓரிடத்தில் அடுக்கினார். மரத்திற்கும் உயிரும் அச்சமும் உண்டென்று பழங்காலத்தார் நம்பினர். அதனால் அதனை மிரட்டினர் என்பது அவர் கொண்ட முடிவு. முடிவு சரியே. ஆயினும் அவர் கண் முழுவதும் கோடரியின் மேலேயே இருந்தது போலும்.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் பத்தாம் நூற்றாண்டில், பேரரசர் ஏழாம் கான்ஸ்டண்டைன் காலத்தில், அதற்கும் முற்பட்ட கிரேக்க வேளாண் நூல்களிலிருந்து ஒரு தொகை நூல் தொகுக்கப்பெற்றது. கியோபோனிகா என்பது அதன் பெயர். இருபது பகுதிகள் கொண்டது. அதன் பத்தாம் பகுதி பழமரங்களைப் பற்றியது. காய்க்காத மரத்தைக் காய்க்கச் செய்யும் வழி அங்கே கூறப்பட்டுள்ளது. ஆடையை வரிந்து கட்டிக்கொண்டு, கோடரியை எடுத்து, சினத்தோடு மரத்தை அணுகி வெட்டப் போவதுபோல் நிற்க வேண்டும். அப்பொழுது ஒருவர் குறுக்கே வந்து, வெட்ட வேண்டா என்று வேண்டி, வருங்கால விளைச்சலுக்கு நான் பிணை என்று சொல்ல வேண்டும். வெட்ட வந்தவர் அவருக்கு இணங்கியவர்போல் மரத்தை விட்டுவிட வேண்டும். அதன்பின் மரம் நன்றாகக் காய்க்கும் என்கிறது அந்நூல். அரபு மொழி வேளாண் நூல்களிலும் இதே நாடகம் இடம்பெற்றுள்ளது.

பிணை என்னும் சொல்லை நோக்குக. கடன்பட்டவனுக்குப் பிணை நிற்பதுபோல் ஒரு மரத்திற்குப் பிணை நிற்கிறார் ஒருவர். ஜுக்ராவில் மங்குஸ்தீன் மரத்தில் ஏறியவரின் உறவினர் அவர் எனலாம்.

இன்னும் பழைய சான்று ஒன்று நம்மிற் பலர் அறிந்ததே. இத்தொடர்பில் வைத்து எண்ணியிருக்க மாட்டோம். விவிலியத்தில் லூக்கா எழுதிய நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், இயேசு பெருமான் சொன்ன அத்திமரக் கதை உள்ளது. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்து ஏமாந்த உரிமையாளர், நிலத்தை ஏன் வீணே அடைத்துக்கொண்டிருக்கிறது, வெட்டிவிடு என்கிறார். தோட்டக்காரர் மன்றாடுகிறார். இவ்வோராண்டு விட்டுவைக்குமாறும், தாம் அதனைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவும் கூறுகிறார். பிறகும் காய்க்காவிடில் வெட்டலாம் என்கிறார். இறைவனின் பொறுமையை விளக்க வந்த உவமை இது. எனினும் காட்சியின் அமைப்பைப் பாருங்கள்: காய்க்காத மரம், வெட்டச் சொல்பவர், குறுக்கே நின்று தவணை கேட்பவர். இவரோ வெறும் வாய்ச்சொல்லால் பிணை நிற்கவில்லை. மண்ணைக் கொத்துவதும் எருவிடுவதும் என் பொறுப்பு என்கிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மரம் காய்த்ததா என்று நற்செய்தி சொல்லவில்லை.

சப்பான் நாட்டில் இவ்வழக்கம் ஊர்தோறும் இருந்தது. நரிகிசெமே என்பர்; காய்மரத்தைக் கண்டித்துக் கேட்டல் என்பது பொருள். சிறு புத்தாண்டு எனப்படும் நாளில், இன்றைய நாட்காட்டியில் ஜனவரி 15, வீட்டார் இருவர் தோட்டத்திற்குச் செல்வர். பெரும்பாலும் அங்கே நிற்பது சீமைப் பனிச்சை என்று நாம் சொல்லும் பழமரம். ஒருவர் கைக்கோடரியோ அரிவாளோ ஏந்தி, காய்ப்பாயா மாட்டாயா என்று கேட்டு மரத்தில் சிறு வெட்டு ஒன்று போடுவார். மற்றவர் மரத்தின் குரலாகக் காய்க்கிறேன் என்பார். உடனே, செம்பயறு இட்டுக் காய்ச்சிய கஞ்சியை அவ்வெட்டின் மேல் பூசுவர். நாம் பொங்கற்பானை வைக்கும் அதே நாள்களில் அவர்கள் மரத்திற்குக் கஞ்சி ஊட்டினர். இரண்டிற்கும் தொடர்பு கற்பிக்க நான் முற்படவில்லை. அத்தகைய ஒற்றுமை வேட்டையால் நம் கட்டுரையாளர் பலர் கெட்டிருக்கின்றனர். காயம் செய்த உடனே அக்காயத்திற்குக் கஞ்சி பூசினார்கள் என்பதே நான் கருதுவது.

கஞ்சி பூசும் இக்காட்சியைப் படித்த இரவில்தான் பாட்டியின் முருங்கை மீண்டும் நினைவுக்கு வந்தது. விளக்குமாற்றடி முடிந்ததும் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "விடுங்க அக்கா, பாவம், இந்த வருசம் காய்க்கும்" என்று சொன்னார். பாட்டியும், "நீ சொல்றதுனால விடுறேன்" என்று சொல்லிவிட்டு, அரிசி கழுவி எடுத்து வைத்திருந்த நீரை வேரில் ஊற்றி, அடுப்புச் சாம்பலைச் சுற்றிலும் தூவினார். அக்கம்பக்கத்துப் பேச்சு என்று அன்று எண்ணினேன். நீரும் சாம்பலும் முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன என்பதும், பெரியம்மா அந்நேரம் வேலியருகே நின்றது தற்செயல் அன்று என்பதும் இப்பொழுது விளங்குகின்றன. இருவரும் கிரேக்க நூலைக் கண்டவர் அல்லர். தமக்குரிய பங்கை இருவரும் பிழையின்றி நடித்தனர்.

பாரத நாட்டு ஏட்டு மரபு இவ்வழியிலிருந்து விலகிச் செல்கிறது. அங்கே மரத்தை மிரட்டும் கோடரியைக் காணோம். மாறாக, மரத்திற்கு மசக்கை உண்டென்று வடநூலார் கருதினர். தோகதம் என்பது அவர்கள் சொல். கருவுற்ற பெண்ணுக்குப் புளிப்பின்மேல் ஆசை எழுவதுபோல், பூக்கவிருக்கும் மரத்திற்கும் ஓர் ஆசை எழும். அதனைத் தீர்த்தால் பூக்கும். அசோக மரத்திற்கு அழகிய மங்கையின் பாதம் படவேண்டும். மகிழ மரத்திற்கு அவள் வாயிலிருந்து கொப்பளித்த மது வேண்டும். காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரம் என்னும் நாடகத்தில் கதை திரும்புவதே இந்நம்பிக்கையால்தான். அரசியின் கால் ஊஞ்சலிலிருந்து விழுந்ததால் நோவுற்றிருக்க, அசோகத்தை உதைக்கும் பணி மாளவிகைக்கு வந்து சேர்கிறது. உதையும் அடியே அன்றோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆம், ஆனால் அந்த மரம் அவ்வுதையை விரும்பி நிற்கிறது என்பது புலவர் கொள்கை. அஃது அரண்மனைப் பூங்காவின் கற்பனை. லயத்துக் கொல்லைக்கு அது வந்ததில்லை.

அரண்மனைக்கு வெளியே நம்மவர் நம்பியது உணவையும் மருந்தையும். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் மர மருத்துவத்திற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். காய் நில்லாத மரத்திற்குக் கொள்ளு, உளுந்து, பயறு, எள், வாற்கோதுமை ஆகியவற்றைக் காய்ச்சி ஆறவைத்துப் பாலோடு வார்க்குமாறு அவர் கூறுகிறார். ஆட்டெரு, எள், மாவு இவற்றை நீரிலிட்டு ஏழு இரவு ஊறவைத்து ஊற்றும் முறையும் அங்குண்டு. சுரபாலர் இயற்றிய மர மருத்துவ நூலோ, மரத்திற்கும் வாதம், பித்தம், கபம் பிரித்து நோய் நாடுகிறது. அதன் ஏட்டுப்படி இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு நூலகத்தில் கிடந்து, 1996-இல்தான் ஆங்கில மொழிபெயர்ப்போடு செகந்திராபாத்தில் அச்சேறியது. இம்முறைகளிற் சில பயன் தரும், சில தரமாட்டா. ஆயினும் காய்க்காத மரத்தைக் கண்டதும் இவர்கள் கேட்ட கேள்வி, இதற்கு என்ன குறை என்பதே.

இங்கிலாந்தில் நம் பழமொழிக்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. பெண், நாய், வாதுமைக் கொட்டை வகையைச் சேர்ந்த ஒரு மரம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அடிக்க அடிக்க இவை நலம்பெறும் என்று அவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்தனர். கொட்டையை உதிர்க்க நீண்ட கழியால் கிளைகளை அடிக்கும்போது நெடுங்கொம்புகளின் நுனி முறியும். முறிந்த இடத்தில் காய்க்கும் சிறுகிளைகள் தோன்றும் என்று அதற்கு விளக்கம் கூறுவர். மரத்திற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. பெண்ணையும் நாயையும் அவ்வரிசையில் சேர்த்ததற்கு எந்த விளக்கமும் இல்லை.

இனி, அடித்தால் மரம் காய்க்குமா என்னும் வினாவுக்கு வருவோம். இலைகள் ஆக்கிய உணவு உட்பட்டை வழியாகவே கீழிறங்கி வேரை அடைகிறது. மர்செல்லோ மால்பீகி என்னும் இத்தாலிய அறிஞர் பதினேழாம் நூற்றாண்டிலேயே பட்டையை வளையமாக நீக்கிப் பார்த்து, வெட்டுக்கு மேற்பக்கம் தண்டு பருத்து வருவதைக் கண்டறிந்தார். கீழிறங்க வழியின்றி உணவு மேலேயே தங்கினால், சில மரங்களில் பூப்பும் காய்ப்பும் மிகும். பழத்தோட்டக்காரர் சிலர் இன்றும் அளவறிந்து பட்டையைக் கீறுவது இதனால்தான். ஆகவே ஜுக்ராவின் கோடரி வெட்டிலும் சப்பானியரின் அரிவாள் கீறலிலும் ஓரளவு பயன் விளைந்திருக்கலாம். அளவு மீறினால் வேர் பட்டினி கிடக்கும், மரம் சாகும். விளக்குமாற்றடி பட்டையை ஒன்றும் செய்யாது. ஓர் ஆணியும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

முருங்கையின் கதை வேறு. புதிதாகத் துளிர்த்த கிளைகளில்தான் அது பூக்கும். தன் போக்கில் விட்டால் மென்மையான கட்டையோடு நெடுநெடுவென வளர்ந்து, எட்டாத உச்சியில் சில காய்களைத் தாங்கி நின்று, ஒரு காற்றில் முறிந்து விழும். ஒடித்துவிட்டால் பக்கக்கிளைகள் பல வெடிக்கும், காயும் பெருகும், ஒடித்த கொம்பை நட்டால் இன்னொரு மரமாகும். தமிழ்நாட்டில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கைக்கு, முக்கால் மீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ள வேண்டும் என்றும், அறுவடைக்குப் பின் தரையிலிருந்து ஒரு மீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்றும் வேளாண் துறையினர் விதி வகுத்துள்ளனர். பழமொழியின் முன்பாதி முழு உண்மை.

ஆனால் அது சொல்வது என்ன? முருங்கையை ஒடி என்கிறது. அடி என்று சொல்லவில்லை. ஒடிப்பது காலமும் இடமும் பார்த்துச் செய்யும் பண்டுவம். அடிப்பது சினம். ஒடித்து, அடித்து என்னும் இரண்டு சொற்களும் இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகையாய் அமைந்தமையால் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. காதுக்கு இனிமையாக விழுந்தது கருத்துக்கும் பொருந்தும் என்று நாம் கொண்டோம். யாப்பு கற்பிக்கும் நாமே எதுகைக்கு ஏமாந்தோம்!

இது மட்டுமாயின் மிரட்டும் வழக்கம் இத்தனை நாடுகளில் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திராது. கண்ணெதிரே பலன் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்பதே உண்மை. பழமரங்கள் பல ஓராண்டு மிகுதியாகக் காய்த்து மறு ஆண்டு ஓயும் இயல்புடையன. மாவில் இதனை நாமே காண்கிறோம். மரத்தை யாரும் காய்க்கும் ஆண்டில் மிரட்டுவதில்லை. காய்க்காத ஆண்டில்தான் கோடரி எழும். அடுத்த ஆண்டு மரம் தன் முறைப்படி காய்க்கும். புகழ் கோடரிக்குச் சேரும். மிரட்டாமல் விட்ட மரமும் காய்த்திருக்கும் என்பதைக் காண்பதற்கு, மிரட்டாமல் விட்டுப் பார்த்திருக்க வேண்டுமே!

இவ்வுண்மையின் பொதுவடிவத்தைக் கண்டறிந்தவர் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர். அதனையும் ஒரு தோட்டச் செடியிலேதான் அவர் கண்டார். 1870-களில் பட்டாணியின் இனத்தைச் சேர்ந்த பூச்செடி ஒன்றின் விதைகளை அளவு வாரியாகப் பிரித்து நண்பர்களிடம் கொடுத்துப் பயிரிடச் செய்தார். மிகப் பெரிய விதைகளின் வழித்தோன்றல்கள் சற்றுச் சிறியனவாகவும், மிகச் சிறியவற்றின் வழித்தோன்றல்கள் சற்றுப் பெரியனவாகவும் இருந்தன. எல்லை கடந்த நிலை எதுவாயினும், அடுத்த முறை நடுநிலையை நோக்கித் திரும்பவே பார்க்கும்.

இதனை ஆசிரியத் தொழிலோடு பொருத்திக் காட்டியவர், 2002-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியல் அறிஞர் டேனியல் கானமன். இசுரேல் நாட்டு விமானப்படைப் பயிற்றுநர்களுக்கு, தண்டனையைவிடப் பாராட்டே பயிற்சிக்கு உதவும் என்று அவர் விளக்கினாராம். அனுபவம் மிக்க ஒரு பயிற்றுநர் மறுத்தார்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினேன், அடுத்த முறை கெடுத்தான்; மோசமாக ஓட்டியவனைக் கடிந்தேன், அடுத்த முறை திருந்தினான் என்பது அவர் வாதம். அவர் கண்டது பொய்யன்று; அதற்குக் கொண்ட காரணமே பிழை. மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சற்று நல்ல நாளாகவே இருக்கும், கடிந்தாலும் கடியாவிட்டாலும். இதனைப் படித்தபோது என் கையிலிருந்த பிரம்பு ஜுக்ராவின் கோடரியாகத் தோன்றியது.

தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இங்கே ஒரு தடை எழுந்தது. காயத்தினால் பயன் பெருகும் மரம் ஒன்றின் கீழேயே நம் மூன்று தலைமுறை வாழ்ந்ததே! அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, அவ்வாறு கொத்தாமல், ஒரே வெட்டின் விளிம்பில் பட்டையை மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார். சீவிய இடத்தையே மீண்டும் மீண்டும் சீவ, முதல் நாளைவிட அடுத்தடுத்த நாள்களில் பால் கூடி வருவதை ஆய்வாளர் கண்டனர். காயத்திற்கு மரம் தரும் மறுமொழி அது. அப்படியாயின் வலியே வளர்ச்சி அன்றோ என்று கேட்கலாம். ஆனால் பால் வெட்டும் மரம், வெட்டாத மரத்தைப் போல் பருப்பதில்லை. பாலாகப் போவது அதன் வளர்ச்சியிலிருந்தே போகிறது. பாட்டிக்கு இது தெரியும். உளி ஆழப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் காயம் என்பார். அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப் பின்னர் உளி ஓடாது. ஒரு மயிரிழை ஆழத்திற்காகக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியவர் அவர். பட்டைக்கு எவ்வளவு நோகலாம் என்று அளந்து அளந்து வாழ்ந்தவர், முருங்கையை அடிக்கப் பட்டை நோகாத விளக்குமாற்றைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

பள்ளி ஒழுங்கு குறித்த 1959-ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்நாட்டில் பிரம்பைத் தலைமையாசிரியரின் பொறுப்பில் வைத்தன. பெண்பிள்ளைகளை அதற்கு விலக்கின. அதிகாரம் பெற்ற ஆசிரியரும் பயன்படுத்தலாம். கோடரி யார் கையில் என்பதை விதி தெளிவாகக் கூறுகிறது. மங்குஸ்தீன் மரத்தில் யார் ஏறுவது என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், 1996-இல் என நினைவு, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று வாரம் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். ஏன் என்று கேட்டால் தலை குனிவான். அதிகாரம் எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. உள்ளங்கையில் மூன்றடி கொடுத்தேன். மறுநாள் வீட்டுப்பாடம் முழுமையாக வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஆண்டு முடிய ஒருநாளும் தவறவில்லை. அடியாத பிள்ளை படியாது என்பதற்கு அவனைச் சான்றாகக் காட்டி, பின்னர் வந்த இளம் ஆசிரியர்களிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்.

2019-ஆம் ஆண்டில் ஒரு திருமண வீட்டில் அவர் என்னைக் கண்டு கைகூப்பினார். நல்ல வேலையில் இருக்கிறார். பந்தியில் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில், அந்த மூன்றடியை நானே நினைவூட்டினேன், சற்றுப் பெருமையோடுதான். அவர் சிரித்துவிட்டு, "அன்னைக்குச் சாயந்தரம் ஆயா வந்தாங்க சார்" என்றார். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மையாரைத்தான் பிள்ளைகள் ஆயா என்பார்கள். தந்தை மருத்துவமனையில் கிடந்தாராம். வீட்டில் விளக்கு பழுதாகி மூன்று வாரமாம். தாய் இரண்டு வேலை பார்த்து இருட்டிய பின்னரே வருவாராம். கையில் தழும்போடு குழாயடியில் நின்ற பையனைக் கண்ட அம்மையார், என்ன ஏது என்று கேட்டறிந்து, பள்ளிக்கூடத்தை ஒட்டிய தம் வீட்டுக்கு ஒவ்வொரு மாலையும் அவனை அழைத்துப்போய் உட்கார வைத்திருக்கிறார். அந்த ஆண்டு முழுதும் அவன் வீட்டுப்பாடம் எழுதியது அங்கேதான். நானும் அதே ஆண்டு முழுதும் அதே அம்மையாரிடம் நாள்தோறும் வகுப்புத் திறவுகோலை வாங்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்றுப் பந்திங்கில் மகளோடு இருந்த அவரைத் தேடிச் சென்று, இதனை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார், அவருக்கு அது சரியாக நினைவில்லை. "பையன் வந்து உட்காருவான் சார். அதான் எப்படியும் லைட்டு எரிஞ்சிக்கிட்டு இருக்குமே" என்றார்.